விழுப்புரம் மைதானத்திலிருந்து விண்வெளிக்கு: கல்லூரி விளையாட்டு வீரர்களின் வழி குறித்து ஓர் ஆய்வு

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழில்நுட்ப ஊழியரின் மகன். விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்தார், அதே ஊரில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தார். பிறகு சென்னையில் பொறியியல் பட்டம், திருச்சி என்.ஐ.டி.யில் முதுநிலை என்று படிப்படியாக ஏறி இஸ்ரோவுக்குப் போனார். சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டமும் பெற்றார். அந்த மாலைக்குப் பிறகு, விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு பையன் ‘நான் இஸ்ரோவுக்குப் போவேன்’ என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.

ஆனால் ‘நான் விண்வெளிக்கே போவேன்’ என்று ஒரு பெண் சொன்னால்? அதுவும் அவள் வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிறவளாக இல்லாமல், கல்லூரி வாலிபால் அணியில் ஆடுகிறவளாக இருந்தால்? கலத்தை அனுப்பியவர் நம்மூர்க்காரர் என்பதை ஏற்றுக்கொண்ட மனது, கலத்தில் ஏறிப் போகிறவரும் நம்மூர்க்காரராக இருக்கலாம் என்பதை இன்னும் ஏற்கவில்லை. கல்லூரி விளையாட்டு வீரர் ஒருவர் விண்வெளி வீரராக முடியுமா, உலகத்தில் யார் அப்படி ஆனார்கள், விளையாட்டு அவர்களுக்கு என்ன கொடுத்தது, இந்த இரண்டு ஊர்களின் மாணவருக்கு எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன, எவை எந்த வயதில் மூடுகின்றன என்பதை இந்தக் கட்டுரை ஒழுங்காகப் பார்க்க முயல்கிறது.

முன்னே போனவர்கள்

விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரிடமிருந்தே தொடங்கலாம். யூரி ககாரின் முதலில் வார்ப்படத் தொழில் கற்றவர். பிறகு சரத்தோவ் நகரின் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து 1955-ல் முடித்தார். நம் கணக்கில் அது பாலிடெக்னிக் படிப்பு. குள்ளமான உருவம் என்றாலும் அங்கே கூடைப்பந்து ஆடினார். அதே ஊரின் பறத்தல் கழகத்தில்தான் விமானம் ஓட்டக் கற்றார். 1961 ஏப்ரல் 12 அன்று பூமியைச் சுற்றிவந்தார்.

இரண்டு ஆண்டு கழித்து, 1963 ஜூன் 16 அன்று, வலந்தீனா தெரெஷ்கோவா சென்றார். யாரோஸ்லாவ்ல் நகரின் நூற்பாலைத் தொழிலாளி. தபால்வழியில் தொழில்நுட்பப் படிப்பை முடித்தவர். விமானம் ஓட்டத் தெரியாது. அவரைத் தேர்ந்தெடுக்க வைத்தது, உள்ளூர்க் கழகத்தில் பொழுதுபோக்காகப் பழகிய பாராசூட் விளையாட்டு. அதற்குப் பொறியியல் காரணம் இருந்தது. வோஸ்தோக் கலம் தரையில் மோதும் வேகம் மனிதர் தாங்கக்கூடியதாக இல்லை. எனவே பயணி சில கிலோமீட்டர் உயரத்திலேயே கலத்திலிருந்து வெளியே வீசப்பட்டு, தனியாகப் பாராசூட்டில் இறங்க வேண்டியிருந்தது. அந்த ஒரு தேவைக்காக ஆள் தேடியபோது, ஆலைத் தொழிலாளி ஒருவரின் விளையாட்டு நாட்டுக்கே தேவைப்படும் தகுதியாகிவிட்டது.

அமெரிக்காவில் இந்த வழி பெரும்பாலும் கல்லூரி மைதானம் வழியாகவே போயிருக்கிறது. அந்நாட்டின் முதல் விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் கடற்படை அகாதமியில் படகுப் போட்டி அணியில் துடுப்புப் போட்டவர். 1983-ல் விண்ணுக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடு கல்லூரி டென்னிஸ் வீராங்கனை. ஆட்டக்காரியாகவே வாழலாமா என்று யோசித்துவிட்டு இயற்பியலுக்குத் திரும்பியவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வாட்டர் போலோ அணிக்குத் தலைமை தாங்கிய ஸ்டீவன் ஸ்மித் ஏழு முறை விண்நடை மேற்கொண்டார். 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லாவுடன் கொலம்பியா விண்ணோடத்தில் உயிரிழந்த டேவிட் பிரவுன், கல்லூரி ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்; படிக்கும் காலத்தில் சர்க்கஸில் வித்தை காட்டியவர், பிறகு மருத்துவரும் கடற்படை விமானியும் ஆனவர். அண்மைக் காலத்தில் கலத் தளபதிகளாகச் சென்றவர்களில் நிக்கோல் மான் கல்லூரிக் கால்பந்து வீராங்கனை. ஜாஸ்மின் மொக்பெலி எம்.ஐ.டி.யில் விண்ணூர்திப் பொறியியல் படித்தபடியே வாலிபாலும் கூடைப்பந்தும் ஆடியவர். ஆன் மெக்ளேன் ரக்பி ஆடியவர்.

இந்திய வழித்தோன்றலான சுனிதா வில்லியம்ஸ் சிறுவயதிலிருந்தே போட்டி நீச்சல் வீராங்கனை. 2007 ஏப்ரல் 16 அன்று, பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டம் நடந்தபோது, அதே தூரத்தை அவர் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஓடுபொறியில் ஓடி முடித்தார். பிடித்த நேரம் சுமார் 4 மணி 24 நிமிடம். நிலையம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுவதால், அந்த ஓட்டத்துக்குள் அவர் உலகத்தை ஏறத்தாழ மூன்று முறை சுற்றிவிட்டார்.

ஒருவரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்

கல்லூரி வீரர் விண்வெளி வீரரானதற்கு முழு உதாரணம் லேலண்டு மெல்வின். 1964-ல் வர்ஜீனியா மாநிலத்தின் லிஞ்ச்பர்க் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். பெற்றோர் இருவரும் பள்ளி ஆசிரியர்கள். ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உதவித்தொகையில் சேர்ந்து, அமெரிக்கக் கால்பந்து அணியில் ஓடிப் பந்து பிடிப்பவராக ஆடினார். நம் ஊரில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்கிறவர் பெரும்பாலும் எந்தப் பாடம் எளிதோ அதில் சேர்க்கப்படுகிறார். மெல்வின் படித்தது வேதியியல். காலையில் ஆய்வகம், மாலையில் மைதானம்.

1986-ல் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. பின்தொடைத் தசை கிழிந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு அணியில் முயன்றபோதும் அதே தசை காட்டிக்கொடுத்தது. ஆட்ட வாழ்க்கை அத்தோடு முடிந்தது. கையில் வேதியியல் பட்டம் இருந்ததால் நடுத்தெருவில் நிற்கவில்லை. பொருளறிவியல் பொறியியலில் முதுநிலைக்குப் படித்தார், 1989-ல் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார், 1998-ல் விண்வெளி வீரராகத் தேர்வானார்.

கதை அங்கே முடியவில்லை. 2001-ல் விண்நடைப் பயிற்சிக்கான பிரம்மாண்ட நீர்த்தொட்டியில் மூழ்கியபோது, காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய உதவும் சிறு பஞ்சுத் துண்டு தலைக்கவசத்தில் பொருத்தப்படாமல் இருந்தது. மேலே வந்தபோது அவருக்குக் கேட்கும் திறன் போயிருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓரளவே திரும்பியது. பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் எழுதினார்கள். அவர் நாசாவை விட்டுப் போகவில்லை. கல்விப் பணியை ஏற்றார். கொலம்பியா விபத்தில் இறந்த நண்பர்களின் நினைவுக் கூட்டங்களுக்கு விமானத்தில் போய்வந்தார். அந்தப் பயணங்களில் உடனிருந்த நாசாவின் தலைமை மருத்துவர், ஒவ்வொரு முறை விமானம் ஏறி இறங்கும்போதும் மெல்வின் தன் காதைப் பக்குவமாகச் சமன்செய்வதைக் கவனித்தார். தடையை நீக்கி எழுதிக்கொடுத்தார். 2008-லும் 2009-லும் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் அவர் பறந்தார்.

நம் மாணவர்கள் இந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். தொடைத் தசை கைவிட்டபோது படிப்பு தாங்கியது. காது கைவிட்டபோது, பெஞ்சில் உட்கார வைத்தாலும் அணியை விட்டுப் போகாத மைதானத்துப் பழக்கம் தாங்கியது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் அவர் பாதி வழியிலேயே நின்றிருப்பார்.

உடலுக்கு அங்கே என்ன வேலை?

எடையே இல்லாத இடத்தில் உடல் வலிமை எதற்கு என்று பலரும் கேட்பதுண்டு. எடை இல்லாததுதான் சிக்கலே. பூமியில் நிற்கும்போதும் நடக்கும்போதும் காலும் இடுப்பும் முதுகும் ஓயாமல் சுமை தாங்குகின்றன. அந்தச் சுமை நின்றுபோனால், இனி இவை தேவையில்லை என்று உடல் கணக்குப் போட்டுக்கொண்டு எலும்பைக் கரைக்கத் தொடங்குகிறது. சுமை தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி குறையும். தசையும் மெலியும், இதயமும் சோம்பும். இதைத் தடுக்க நிலையத்தில் இருப்பவர்கள் நாள்தோறும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்தாக வேண்டும். ஓடுபொறியில் ஓடுகிறவரைத் தோளிலும் இடுப்பிலும் வார் பூட்டி, இழுவைப் பட்டைகளால் கீழே இழுத்துப் பிடிக்கிறார்கள். இல்லாவிட்டால் முதல் எட்டிலேயே மிதந்துவிடுவார். எடை தூக்கும் கருவியில் இரும்புக் குண்டுகள் கிடையாது. வெற்றிட உருளைகள் எதிர்விசை கொடுக்கின்றன, 272 கிலோ வரை.

மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் மைதானத்துக்குப் போகிறவருக்கு இந்த வாழ்க்கை புதிதல்ல. கைதட்ட ஆளில்லாத இடத்தில், மாதக்கணக்கில், ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யும் பொறுமை பதக்கத்தைவிட அங்கே பெரிது.

விண்நடையில் பெரும்பகுதி வேலை கைக்குத்தான். கால் அங்கே ஊன்றி நிற்க மட்டுமே. விண்ணுடைக்குள் காற்றழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வெளியே முழு வெற்றிடம். அதனால் கையுறை எப்போதும் உப்பி விரைத்து நிற்கும். ஒவ்வொரு முறை திருகாணியைப் பிடிக்கும்போதும் அந்த விரைப்பை விரல்கள் அமுக்கி வெல்ல வேண்டும். ஆறேழு மணி நேரம் இப்படி வேலை செய்து நகம் பெயர்ந்துபோனவர்கள் உண்டு. பாடி வருகிறவரின் கணுக்காலைப் பிடித்து விடாமல் நிறுத்தும் கபடி ஆட்டக்காரருக்கு விரல் பிடியின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாசாவில் பயிற்சிக்குச் சேர்கிறவர்கள் தேற வேண்டிய நீச்சல் சோதனையும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டாதது அல்ல. 25 மீட்டர் குளத்தை நிற்காமல் மூன்று முறை கடக்க வேண்டும். அதையே விமானி உடையும் கேன்வாஸ் ஷூவும் அணிந்து மூன்று முறை கடக்க வேண்டும். பிறகு அந்த உடையோடு 10 நிமிடம் மூழ்காமல் மிதக்க வேண்டும். வயற்காட்டுக் கிணற்றில் சட்டையோடு குதித்து வளர்ந்தவர்கள் விழுப்புரம் மாவட்டத்தில் ஏராளம். அவர்களிடம் இல்லாதது முறையான பயிற்சியும் பாதுகாப்பான குளமும்தான்.

உடலைக் கடந்து இன்னொரு குணமும் சோதிக்கப்படுகிறது. 2025 ஜூன் 25 அன்று இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா ஆக்ஸியம்-4 பயணத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டபோது, அதே பயிற்சி முழுவதையும் முடித்த பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர் மாற்று வீரராகத் தரையில் நின்றார். 1984-ல் முதல் இந்தியராக ராகேஷ் சர்மா பறந்தபோது ரவீஷ் மல்ஹோத்ரா அப்படித்தான் நின்றார். முழுத் தயாரிப்போடு இருந்தும் களத்தில் இறங்காமல், இறங்குகிறவருக்காக உழைப்பது எளிதல்ல. அதை இளம் வயதிலேயே கற்றுக்கொடுக்கும் இடம் விளையாட்டு அணியின் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சு.

இந்தியாவின் வழி

இந்தியாவில் இதுவரை விண்வெளிப் பயணத்துக்குத் தேர்வானவர்களின் வழியைப் பார்த்தால் ஓர் உண்மை பளிச்சென்று தெரிகிறது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வானதாக 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்ட நால்வர்: பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. இவர்களில் அஜித் கிருஷ்ணன் 1982-ல் சென்னையில் பிறந்தவர். 2003-ல் விமானப்படையின் போர் விமானப் பிரிவில் சேர்ந்தவர். விமானப் பயிற்றுநர், சோதனை விமானி. விமானப்படை அகாதமியில் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கமும் கௌரவ வாளும் பெற்றவர். நால்வருமே புணே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாதமியில், அதாவது என்.டி.ஏ.வில், படித்தவர்கள். ராகேஷ் சர்மாவும் அங்கே படித்தவரே.

என்.டி.ஏ. ஒரு கல்லூரி. மூன்றாண்டுப் படிப்பு, முடிவில் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம். அங்கே மைதானம் என்பது விருப்பப் பாடம் இல்லை. காலையில் உடற்பயிற்சி, பகலில் வகுப்பும் ஆய்வகமும், மாலையில் விளையாட்டு, பருவந்தோறும் குறுக்குநாட்டு ஓட்டம். கணக்கில் தேறியவர் ஓட்டத்தில் தேறாவிட்டால் மேலே போக முடியாது. ஓடத் தெரிந்தவர் இயற்பியலில் தேறாவிட்டாலும் போக முடியாது. ஐந்து பேரும் ஒரே வாசல் வழியாக வந்ததற்கு ராணுவக் கட்டுப்பாடும் விமானப் பயிற்சியும் காரணங்கள்தான். வகுப்பையும் மைதானத்தையும் ஒரே பாடத்திட்டமாக வைத்திருப்பதும் அதே அளவு காரணம் என்பது என் கருத்து.

சிவிலியன்களுக்கும் ஒரு வழி திறக்கவிருந்தது. 1980-களின் நடுவில் அமெரிக்க விண்ணோடத்தில் செல்ல இஸ்ரோ பொறியாளர்கள் பி. ராதாகிருஷ்ணனும் என்.சி. பட்டும் தேர்வானார்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதற, அந்தப் பயணம் நடக்கவே இல்லை. 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம், 2040-க்குள் நிலவில் இந்தியர் என்று நாடு இப்போது இலக்கு வைத்திருக்கிறது. ஒரு நிலையத்தை விமானிகளை மட்டும் வைத்து நடத்த முடியாது. மருத்துவர், பொருளறிவியலாளர், தாவரவியலாளர் எல்லாரும் தேவைப்படுவார்கள். சுக்லாவே சர்வதேச விண்வெளி நிலையத்தில் தசைச் செல்களின் வளர்ச்சியையும் வெந்தயம், பச்சைப்பயறு முளைப்பதையும் ஆராய்ந்தார். நிலக்கடலை ரகங்களுக்குப் பேர்போன எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கும் திண்டிவனத்துக்கு அந்த வேலை அந்நியமானதில்லை.

இரண்டு ஊர்களின் நிலை

விழுப்புரம் பெரிய ரயில் சந்திப்பு. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, திருவண்ணாமலை, புதுச்சேரி என்று எல்லாத் திசைக்கும் தண்டவாளம் பிரிகிறது. அங்கிருந்து சென்னை செல்லும் ரயில் திண்டிவனம், செங்கல்பட்டு கடந்து தாம்பரம் வழியாகத்தான் போகிறது. விமானப்படைக்கு விமானப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளி அந்தத் தாம்பரத்தில்தான் இருக்கிறது. கல்விக்கும் குறைவில்லை: விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனத்தில் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, இரண்டு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள், முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. விளையாட்டுக்கும் ஆள் பஞ்சமில்லை. கபடிக்கும் வாலிபாலுக்கும் அணி இல்லாத கிராமம் இங்கே அரிது.

விடியற்காலையில் இந்த ஊர்களின் மைதானங்களில் ஓடுகிறவர்களில் பலர் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். நீளமோ உயரமோ தாண்ட வேண்டும். என்.டி.ஏ.வில் சேர விரும்புகிறவர்கள் உடலை எந்த அளவுக்குப் பக்குவப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று தேர்வு அறிவிப்பு சொல்கிறது: 15 நிமிடத்தில் 2.4 கிலோமீட்டர் ஓட்டம், 20 தண்டால், 8 முறை கம்பியில் தொங்கி ஏறுதல், 3 முதல் 4 மீட்டர் கயிறு ஏறுதல். காவலர் தேர்வு வேகத்தில் 2.4 கிலோமீட்டர் ஓடினால் 11 நிமிடம் 12 நொடிதான் ஆகும். அதாவது திண்டிவனத்தில் கான்ஸ்டபிள் வேலைக்காக ஓடும் பையன், உடலளவில், விண்வெளி வீரர்கள் உருவான கல்லூரியின் வாசலை ஏற்கெனவே தாண்டிவிட்டான். காவலர் வேலை மதிப்பான வேலை. அதற்குப் போகிறவரைத் தடுப்பது என் நோக்கமில்லை. இன்னொரு வாசலும் அதே ஓட்டத்துக்குத் திறக்கும் என்பதை யாரும் அவனிடம் சொல்லவில்லை என்பதே குறை.

தடை எங்கே விழுகிறது என்றால், பதினைந்து வயதில். பத்தாம் வகுப்பு முடித்துப் பிளஸ் ஒன் சேரும்போது, ஆட்டத்தில் நாட்டம் உள்ளவரை ‘உனக்கு எதற்கு சயின்ஸ் குரூப்’ என்று வணிகவியலுக்கோ தொழிற்பிரிவுக்கோ அனுப்பிவிடுகிறோம். விமானப்படையின் பறக்கும் பிரிவுக்குப் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் கட்டாயம். என்.டி.ஏ.வுக்கு வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள். அந்த வாய்ப்பு போனாலும், 20 முதல் 24 வயதுக்குள் விமானப்படையின் ஏ.எஃப்.கேட் நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதற்கு எந்தப் பட்டமானாலும் 60 சதவீத மதிப்பெண் போதும். கோவிந்தசாமி கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தவரும் எழுதலாம். ஆனால் அங்கேயும் பிளஸ் டூ கணிதம், இயற்பியல் நிபந்தனை நிற்கிறது. விவரம் தெரியாமல் எடுத்த ஒரு குரூப் இரண்டு வாசல்களையும் ஒருசேர மூடிவிடுகிறது.

மறுபக்கமும் இதே கதைதான். நன்றாகப் படிக்கும் பிள்ளையிடமிருந்து மைதானத்தைப் பறித்துவிடுகிறோம். பொதுத்தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் பங்குபோட்டுக்கொள்வது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எல்லாரும் அறிந்த வழக்கம். ஆடுகிறவரிடம் இயற்பியல் இல்லை, இயற்பியல் படிக்கிறவரிடம் ஆட்டம் இல்லை. மெல்வினிடம் இரண்டும் இருந்தன. என்.டி.ஏ. இரண்டையும் கட்டாயமாக்குகிறது. நாம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறோம்.

பெண்களுக்கு இந்தப் பிரிவினை இன்னும் கொடியது. வயதுக்கு வந்த பிறகு ‘ஆடினது போதும்’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஆனால் நாட்டின் கதவுகள் திறந்துகொண்டே வந்திருக்கின்றன. 2016-ல் முதல் பெண் போர் விமானிகள் பணியில் சேர்ந்தார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2022-ல் என்.டி.ஏ. பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. 2025 மே மாதம் முதல் தொகுதியாக 17 பெண்கள் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள். கதவு திறந்த செய்தி வீட்டுக்குள் எட்டும் முன்பே மகளின் ஷூவைப் பரணில் போட்டுவிடக் கூடாது.

மாற்றுக் கருத்துகள்

விளையாட்டு வீரராக இருப்பது விண்வெளி வீரருக்குக் கட்டாயமா என்று கேட்டால், இல்லை. எந்தத் தேர்வுக் குழுவும் கோப்பைகளைக் கேட்பதில்லை. நாசா கேட்பது அறிவியல் அல்லது பொறியியல் முதுநிலைப் பட்டம், பணி அனுபவம் அல்லது 1000 மணி நேர விமான அனுபவம், உடல் தகுதி. மைதானம் பக்கமே போகாமல் விண்ணுக்குப் போனவர்களும் உண்டு. விளையாட்டு ஒரு தகுதிச் சான்று என்று நான் வாதிடவில்லை. தகுதிகளை எட்டும் நீண்ட வழியில் மனிதரை உடையாமல் வைத்திருக்கும் பழக்கம் என்கிறேன்.

இரண்டாவது, கடுமையான கேள்வி. நாசாவுக்கு வந்த 18,300-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் 2017-ல் தேர்வானவர்கள் 12 பேர். இந்தியாவில் இதுவரை தேர்வானவர்களை விரல் விட்டு எண்ணலாம். இப்படியிருக்க, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஆசையைக் காட்டுவது நியாயமா? நியாயம்தான், ஒரு நிபந்தனையோடு: வழியில் வரும் ஒவ்வொரு நிலையமும் தானாகவே ஒரு வாழ்க்கையைத் தர வேண்டும். இந்த வழி அப்படிப்பட்டது. கணிதமும் இயற்பியலும் ஓட்டமும் சேர்ந்தவர் விண்ணுக்குப் போகாவிட்டால் விமானி ஆகலாம், ராணுவ அதிகாரி ஆகலாம், பொறியாளர் ஆகலாம், விளையாட்டு மருத்துவம் பக்கம் போகலாம். ஆட்டத்தை மட்டும் நம்பி முழங்கால் தசைநார் அறுந்தவருக்குத்தான் திரும்பிப் போக இடமில்லை.

மூன்றாவது, மொழி. என்.டி.ஏ. தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ் வழியில் படித்த அரசுப் பள்ளி மாணவருக்கு இது உண்மையான அநீதி. தமிழில் எழுதும் உரிமையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது கிடைக்கும்வரை ஆங்கிலப் பயிற்சி கொடுக்கவும் வேண்டும்.

இனி செய்யக்கூடியவை

புதிதாக ஒரு மாளிகை கட்டத் தேவையில்லை. இருப்பவற்றை இணைத்தால் போதும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாவட்ட அளவில் ஆடும் பத்தாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரையும், பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்பே, பெற்றோரோடு உட்காரவைத்து எந்தக் குரூப் எந்தக் கதவைத் திறக்கும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஏற்றவர் பி.டி. ஆசிரியர்தான்; பிள்ளைகள் அவர் பேச்சைத்தான் கேட்கும். என்.டி.ஏ.வுக்கு மாணவர்களைத் தயார்செய்ய, ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் சேர்க்கை நடத்தும் அமராவதிநகர் சைனிக் பள்ளியைப் பற்றிக் கிராமப் பள்ளிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்கிறவர் அறிவியல் பாடம் கேட்டால், பயிற்சியால் தவறிய வகுப்புகளைத் திரும்ப நடத்திக்கொடுத்து அவரைத் தக்கவைக்க வேண்டும்.

என்.சி.சி.யின் விமானப் பிரிவில் ‘சி’ சான்றிதழ் பெற்றவருக்கு விமானப்படையில் தனி நுழைவு உண்டு என்பதை அந்தச் சீருடை அணிந்த மாணவர்களிலேயே பலர் அறிவதில்லை. அதைக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு அரசாணை தேவையில்லை. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியும் மாவட்ட விளையாட்டு அலுவலகமும் கைகோத்து வாரம் ஒருநாள் விளையாட்டுக் காய மருத்துவம் பார்த்தால், கிழிந்த தசையோடு ஆட்டத்தையும் எதிர்காலத்தையும் சேர்த்து இழப்பவர்கள் குறைவார்கள்.

விழுப்புரம் பாலிடெக்னிக் ஒன்றில் படித்தவர் நிலவில் கலத்தை இறக்கிக் காட்டிவிட்டார். பின்தொடை கிழிந்த கல்லூரி ஆட்டக்காரரால் விண்ணுக்குப் போக முடிந்திருக்கிறது. பாராசூட் பழகிய ஆலைத் தொழிலாளியாலும் முடிந்திருக்கிறது. திறமை எங்கே பிறக்கும் என்பது இனி கேள்வியே அல்ல. பதினைந்து வயதில் ஒரு பிள்ளையிடம் ‘ஆட்டமா, படிப்பா’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, இரண்டையும் அதன் கையில் கொடுக்கத் தயாராக இருக்கிறோமா என்பதே கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இஸ்ரோவில் இல்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கல்லூரி முதல்வர்களும்தான். வருகிற பிளஸ் ஒன் சேர்க்கையிலேயே அதைச் சொல்லத் தொடங்கலாம்.